உதவியாளரிடம் வேலையை ஒப்படைப்பது எப்படி? செவிலியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வார்டில் எல்லா வேலையையும் ஒரு நர்ஸ் தானே செய்து முடிக்க முடியாது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எதை, யாரிடம், எப்படிச் சொல்லி ஒப்படைப்பது என்பதைப் படிக்கும்போது யாரும் விரிவாகச் சொல்லித் தருவதில்லை. டியூட்டியில் சேர்ந்து, ஒரே நேரத்தில் நாலு படுக்கையிலிருந்து மணி அடிக்கும்போதுதான் அந்தக் குறை தெரியவருகிறது. புதிதாக வேலைக்கு வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், எனக்குச் சரியென்று படும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

உதவியாளர் என்று நான் சொல்வது, நோயாளியின் பராமரிப்பில் நேரடியாகக் கைகொடுக்கும், ஆனால் செவிலியராகப் பதிவு பெறாத ஊழியரை. பதவியின் பெயரும் அவருக்கு அனுமதிக்கப்பட்ட வேலைகளும் இடத்துக்கு இடம் மாறும். நீங்கள் வேலை செய்யும் இடத்தில் எழுத்தில் உள்ள விதி எதுவோ, அதற்கு உட்பட்டே இங்கே சொல்லியிருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலையைப் பிரித்துக் கொடுப்பதும் ஒப்படைப்பதும் ஒன்றுதானே?

இல்லை. படுக்கை விரிப்பை மாற்றுவது, தண்ணீர் நிரப்பி வைப்பது போன்றவை உதவியாளரின் அன்றாட வேலையிலேயே அடங்கியவை. இன்றைக்கு யார் எந்தப் பக்கம் பார்ப்பது என்று பிரித்துக்கொண்டால் போதும். ஒப்படைப்பது வேறு. வழக்கமாகச் செவிலியர் செய்ய வேண்டிய ஒரு செயலை, இந்த நோயாளிக்கு, இந்த நேரத்தில், அதற்குப் பயிற்சி பெற்ற இன்னொருவரைச் செய்யச் சொல்கிறீர்கள். செயல் கை மாறுகிறது. அது சரியாக நடந்ததா, அதனால் நோயாளிக்கு என்ன ஆனது என்று பார்க்கும் பொறுப்பு உங்களிடமே இருக்கிறது.

எதை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கக் கூடாது?

செய்யும் முறை தெளிவாக இருந்து, விளைவும் முன்கூட்டியே தெரிந்து, நடுவில் முடிவெடுக்க எதுவும் இல்லையென்றால் ஒப்படைக்கலாம். நிலையாக இருக்கும் நோயாளியைக் குளிப்பாட்டுவது, பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது, உடல் எடை பார்ப்பது, குடித்த அளவையும் சிறுநீரின் அளவையும் குறிப்பது, பயிற்சி இருந்தால் பி.பி., காய்ச்சல், ஷுகர் பார்ப்பது எல்லாம் இதில் சேரும்.

நோயாளியை மதிப்பிடுவது, பராமரிப்புத் திட்டம் வகுப்பது, கொடுத்த சிகிச்சைக்குப் பலன் இருக்கிறதா என்று கணிப்பது, நோயாளிக்கும் குடும்பத்துக்கும் முதல்முறையாக ஒன்றைக் கற்றுக்கொடுப்பது ஆகியவற்றை ஒப்படைக்கக் கூடாது. எண்ணை வாங்கிவரச் சொல்லலாம். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். புதிதாக அட்மிட் ஆனவரின் முதல் பரிசோதனை, ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்தவரின் முதல் பி.பி., முதல்முறை எழுந்து நடக்கவைப்பது ஆகிய இடங்களில் நர்ஸ் நேரில் இருக்க வேண்டும். ரத்தம் ஏற்றத் தொடங்கியதும் முதல் 15 நிமிடம் பக்கத்தில் நிற்க வேண்டியதும் நீங்கள்தான். ஒவ்வாமையோ பொருந்தா ரத்தத்தின் எதிர்வினையோ அந்த நேரத்திலேயே தலைகாட்டக்கூடும்.

இதில் பலரும் தவறவிடுவது சாப்பாடு ஊட்டுவதைத்தான். பார்ப்பதற்கு இதைவிட எளிய வேலை இல்லை. ஆனால் பக்கவாதம் வந்த ஒருவருக்கு, விழுங்கும் திறன் சோதிக்கப்படாத நிலையில் ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும். சோதனை முடிந்து, எந்தப் பதத்தில் உணவு தரலாம் என்று எழுதப்பட்ட பிறகு அதே வேலையை ஒப்படைக்கலாம். அப்போதும் சில விஷயங்களைச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும்: நிமிர்த்தி உட்காரவையுங்கள், வாயில் இருப்பதை விழுங்கிய பிறகே அடுத்த வாய், இருமினாலோ, குரல் தண்ணீர் கோத்தது போல மாறினாலோ அதோடு நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுங்கள், சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்கவைக்க வேண்டாம்.

ஐந்து ‘சரி’கள் என்கிறார்களே, அது என்ன?

சரியான வேலை, சரியான சூழ்நிலை, சரியான ஆள், சரியான அறிவுறுத்தல், சரியான மேற்பார்வை. அமெரிக்க மாநிலங்களின் செவிலியர் வாரியங்களுக்கான தேசியக் கவுன்சில் இதை முன்வைத்தது. 2016-இல் அது வெளியிட்ட ஒப்படைப்பு வழிகாட்டுதலிலும் இந்த ஐந்தும் இருக்கின்றன. ஐந்தையும் மனப்பாடமாகச் சொல்பவர்கள்கூட நடைமுறையில் முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். வேலை ஒப்படைக்கக்கூடியது, ஆளும் தெரிந்தவர், சரி, போகட்டும் என்று விட்டுவிடுகிறோம். வார்டில் நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை நான்காவதில், அதாவது நாம் சொன்ன விதத்தில்தான் தொடங்கின.

அப்படியானால் எப்படித்தான் சொல்ல வேண்டும்?

இந்தப் பக்கத்தில் இந்த ஒன்றை மட்டும் படித்தாலும் போதும் என்பேன். வார்டில் சாதாரணமாகக் காதில் விழுவது இப்படி இருக்கும்:

“அக்கா, ஏழாம் பெட்டுக்கு யூரின் கொஞ்சம் பாத்துக்குங்க.”

இதில் என்ன பார்க்க வேண்டும் என்பது இல்லை. எத்தனை மணிக்கு ஒருமுறை, எதில் அளக்க வேண்டும், எங்கே எழுத வேண்டும், எவ்வளவு குறைந்தால் கவலைப்பட வேண்டும் என்று எதுவுமே இல்லை. அந்த அக்கா சிறுநீர் சேரும் பையைப் பார்த்து, ஏதோ இருக்கிறது என்று திருப்தியோடு போய்விடுவார். அவர் மேல் தவறில்லை.

இதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

“அக்கா, ஏழாம் பெட்டில் இருப்பவருக்கு ஆபரேஷன் ஆகியிருக்கு, சிறுநீரகம் சரியா வேலை செய்யுதான்னு டாக்டர் பார்க்கணும்னு சொல்லியிருக்கார். பத்து மணியிலிருந்து ஒவ்வொரு மணிக்கும் அளவுக்குடுவையில் அளந்து, பெட் பக்கத்தில் இருக்கிற சார்ட்டில் எழுதுங்க. ஒரு மணி நேரத்துல 30 மில்லிக்குக் கீழே போனா, இல்ல ரத்தச் சிவப்பா வந்தா, அடுத்த மணி வரைக்கும் காத்திருக்காம உடனே எங்கிட்ட சொல்லுங்க. நான் எட்டாம் பெட்டுல டிரெஸ்ஸிங் பண்ணிட்டிருப்பேன். பன்னிரண்டு மணிக்கு நானே வந்து சார்ட்டைப் பார்க்குறேன்.”

அரை நிமிடம்கூட ஆகாது. எதற்காக இந்த வேலை என்று இதில் சொல்லியாயிற்று. காரணம் தெரிந்தால் வேலையின் எடை புரியும். நேரம், அளக்கும் பாத்திரம், எழுதும் இடம் வந்துவிட்டன. எந்த எண்ணில் கூப்பிட வேண்டும் என்பதும், கூப்பிட்டால் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பதும் வந்துவிட்டன. 30 மில்லி என்பது சுமார் 60 கிலோ எடையுள்ள பெரியவருக்கு, கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி என்ற கணக்கில் சொன்னது. உங்கள் நோயாளிக்கு டாக்டர் வேறு அளவு குறித்திருந்தால் அந்த அளவைச் சொல்லுங்கள்.

“ஏதாவது ஆச்சுன்னா சொல்லுங்க” என்பதை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்த ‘ஏதாவது’ எது என்று கண்டுபிடிக்கிற வேலையை, அதற்குப் பயிற்சி இல்லாத ஒருவர் தலையில் கட்டிவிட்டுப் போகிறோம். “பி.பி. மேல் எண் 100-க்குக் கீழ் வந்தால்”, “காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்”, “ஷுகர் 70-க்குக் கீழ் இருந்தால்” என்று அந்த நோயாளிக்குப் பொருந்தும் எண்ணைச் சொல்லுங்கள். எண் இல்லாத வேலையென்றால் கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளத்தைச் சொல்லுங்கள். பக்கம் மாற்றிப் படுக்கவைக்கும்போது இடுப்பின் பின்புற எலும்பு மேட்டையும் குதிகாலையும் பார்க்கச் சொல்லுங்கள். விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்காத சிவப்பு இருந்தால் படுக்கைப்புண் தொடங்குகிறது என்று பொருள். கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, வேறு நிறமாகவோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

எதைச் செய்யக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய் இணைப்பு செய்த கையில் பி.பி. பட்டையைக் கட்டக் கூடாது என்று சொல்லாமல் அனுப்பிவிட்டு, பிறகு கோபப்பட்டுப் பயனில்லை.

புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் “சரி சிஸ்டர்” என்கிறார்கள். உண்மையிலேயே புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள், அதற்கு “சரி” தவிர வேறு பதில் வராது. “நான் சொன்னதுல ஏதாவது விட்டுப்போச்சான்னு பார்க்கணும், எந்த அளவுல என்னைக் கூப்பிடுவீங்கன்னு ஒரு தடவை சொல்லுங்களேன்” என்று கேளுங்கள். சோதனை உங்கள் பேச்சுக்கே நடக்கிறது என்பதால் அவருக்கு மனம் நோகாது.

உதவியாளர் வயதிலும் அனுபவத்திலும் என்னைவிட மூத்தவர். எனக்கு வேலை சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

இருக்கத்தான் செய்யும். அந்த வார்டில் உங்களுக்கு முன்பே வருடக்கணக்கில் இருப்பவர், எந்த அலமாரியில் எது என்று இருட்டிலும் தெரிந்தவர். அவரிடம் அதிகாரத் தொனியில் பேசினால் வேலையும் நடக்காது, மரியாதையும் மிஞ்சாது. அதற்காகக் கெஞ்சவும் வேண்டாம். “அக்கா, முடிஞ்சா கொஞ்சம் பார்க்கிறீங்களா, இல்லன்னா பரவால்ல, விடுங்க” என்று சொன்னால், அது செய்தே ஆக வேண்டிய வேலை என்பது அவருக்குத் தெரியாமலே போய்விடும்.

மரியாதையைக் குரலிலும் அழைப்பிலும் வையுங்கள். வேலையைத் தெளிவாகச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்ததைக் கேளுங்கள்: “இவரைத் திருப்பும்போது வலிக்குதுன்னு சொன்னாரே, உங்களுக்கு எப்படிச் செஞ்சா வசதியா இருக்கும்?” நோயாளியின் உடம்பை ஒரு நாளில் அதிக நேரம் தொட்டுப் பார்ப்பவர் அவர்தான். “நேத்து மாதிரி இல்ல சிஸ்டர், பேச்சே குறைஞ்சுபோச்சு” என்று அவர் சொன்னால் கையில் இருப்பதை வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். எந்த மானிட்டரும் காட்டாத மாற்றத்தை இப்படி ஒரு வாக்கியம் காட்டிக்கொடுத்துவிடும்.

அதே சமயம், அனுபவம் மட்டும் தகுதிச் சான்று ஆகாது. “இதைக் கடைசியா எப்போ செஞ்சீங்க? இந்த மெஷின்ல செஞ்சிருக்கீங்களா?” என்று கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை.

தவறு நடந்துவிட்டால் யார் பொறுப்பு?

இருவரும், ஆனால் வேறு வேறு விஷயங்களுக்கு. இந்த வேலையை இவரிடம் இப்போது கொடுக்கலாம் என்று முடிவெடுத்தது நீங்கள், அதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். ஏற்றுக்கொண்ட வேலையைச் சொன்னபடி செய்வதும், முடியாவிட்டால் உடனே தெரிவிப்பதும் அவர் பொறுப்பு. ஆட்களையும் பயிற்சியையும் தர வேண்டியது நிர்வாகம். பிரிட்டனின் செவிலியர், மகப்பேறுச் செவிலியர் கவுன்சில் 2015-இல் வெளியிட்ட நடத்தை விதிகளில் இது தெளிவாக இருக்கிறது: பெறுபவரின் திறனுக்கு உட்பட்டதையே ஒப்படைக்க வேண்டும், அவருக்குப் போதிய மேற்பார்வை இருக்க வேண்டும், முடிவில் வேலை தரத்தோடு நடந்ததை உறுதிசெய்ய வேண்டும். “நான் சொல்லிட்டேன், அவங்க செய்யல” என்பது இந்த மூன்றில் எதற்கும் பதிலாகாது.

சொல்லிப் புரியவைக்கும் நேரத்தில் நானே செய்துவிடலாமே?

அந்த ஒரு வேலையை மட்டும் பார்த்தால் சரிதான். ஒரு ஷிப்ட் முழுவதையும் பாருங்கள். அமெரிக்கச் செவிலியர் ஆய்வாளர் பியாட்ரிஸ் கேலிஷ் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனைகளில் வழக்கமாகவே விட்டுப்போகும் பராமரிப்பு எது, ஏன் என்று செவிலியர்களிடமும் உதவியாளர்களிடமும் கேட்டார். நடக்கவைப்பது, பக்கம் மாற்றுவது, நேரத்துக்கு ஊட்டுவது, நோயாளிக்குக் கற்றுக்கொடுப்பது, ஆறுதலாகப் பேசுவது, சுத்தம், குடித்த-கழித்த அளவை எழுதுவது, கண்காணிப்பது, டிஸ்சார்ஜ் ஏற்பாடு ஆகியவை பட்டியலில் வந்தன. காரணங்களில் ஆள் பற்றாக்குறையோடு, சரியாக ஒப்படைக்காததும் “இது என் வேலையில்லை” என்ற மனநிலையும் இருந்தன.

அந்தப் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். உதவியாளரால் நன்றாகச் செய்யக்கூடிய வேலைகளும் அதில் இருக்கின்றன, செவிலியர் மட்டுமே செய்யக்கூடியவையும் இருக்கின்றன. முதல் வகையை நாமே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தால் இரண்டாம் வகைக்கு நேரம் இருக்காது. அதில் நஷ்டப்படுவது நோயாளி.

எத்தனை முறை போய்ப் பார்ப்பது? அடிக்கடி போனால் நம்பிக்கை இல்லை என்று நினைக்கிறார்களே?

முன்பே சொல்லிவிட்டுப் போனால் அப்படி நினைக்க மாட்டார்கள். “பன்னிரண்டு மணிக்கு வந்து பார்க்கிறேன்” என்று சொல்லி, பன்னிரண்டு மணிக்குப் போவது மேற்பார்வை. சொல்லாமல் பின்னால் போய் நிற்பதைத்தான் வேவு பார்ப்பதாக எடுத்துக்கொள்வார்கள். புது ஆள், புது வேலை, நிலை மாறக்கூடிய நோயாளி ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் முதல் தடவை உடனிருங்கள்.

உதவியாளர் எழுதிய எண்களை அப்படியே நம்பலாமா?

பெரும்பாலும் நம்பலாம், ஆனால் படிக்க வேண்டும். சார்ட்டில் கையெழுத்துப் போடுவது வேறு, வரிசையைப் படிப்பது வேறு. எட்டு நோயாளிகளுக்கும் மூச்சு எண்ணிக்கை 18 என்று இருந்தால் யாரும் எண்ணவில்லை என்று பொருள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு என்பதால், நடுவில் ஓர் எண்ணைப் போட்டுவிடுவது எல்லா இடத்திலும் இருக்கும் பழக்கம். அதைக் கண்டித்து மாற்ற முடியாது. மூச்சு வேகம் கூடுவது உடல்நிலை மோசமாவதற்கான மிக முந்தைய அறிகுறிகளில் ஒன்று என்று எடுத்துச் சொல்லி, ஒரு நோயாளிக்கு இருவரும் சேர்ந்து முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். அதன் பிறகு எழுதும் விதமே மாறிவிடும்.

வித்தியாசமான எண் வந்தால் நீங்களே மறுபடி எடுங்கள். “சரியா எடுத்தீங்களா?” என்று திரும்ப அனுப்புவதில் நேரமும் போகிறது, அடுத்த முறை வித்தியாசமான எண்ணைச் சொல்ல அவருக்குத் தயக்கமும் வந்துவிடுகிறது.

நேற்று ஒப்படைத்த வேலையை இன்றும் அவரிடமே கொடுக்கலாமா?

வேலை அதேதான், ஆனால் நோயாளி அதே நிலையில் இருக்கிறாரா? நேற்று நடந்து கழிப்பறைக்குப் போனவருக்கு இன்று காலை ரத்த அழுத்த மாத்திரை மாற்றப்பட்டிருந்தால், எழுந்ததும் தலைசுற்றி விழலாம். ஹேண்டோவர் (முந்தைய ஷிப்ட் நர்ஸ் நோயாளிகளின் நிலையைச் சொல்லிவிட்டுப் போவது) கேட்ட பிறகு, ஒவ்வொரு ஷிப்டிலும் புதிதாக முடிவெடுங்கள். நடுவில் நிலை மாறினால், ஒப்படைத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்கும் தயங்காதீர்கள். “இவர் நிலைமை மாறியிருக்கு, இனி இவரை நான் பார்க்கிறேன், நீங்க பத்தாம் பெட்டைப் பாருங்க” என்று காரணத்தோடு சொன்னால் யாரும் தவறாக நினைப்பதில்லை.

ஒரே உதவியாளர், மூன்று நர்ஸ்கள் மூன்று வேலை சொல்கிறோம். என்ன செய்வது?

இதை அவர் தலையில் விடக் கூடாது. எது முதலில் என்று முடிவெடுப்பது மருத்துவ முடிவு, அதை நர்ஸ்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டும். ஷிப்ட் தொடக்கத்தில் எல்லோரும் நின்றபடி இரண்டு நிமிடம் பேசினாலே பாதி மோதல் குறைந்துவிடும்.

மருந்து கொடுக்கச் சொல்லலாமா?

இதில் விதிகள் இடத்துக்கு இடம் பெரிதும் மாறுகின்றன, உங்கள் விதியைப் பாருங்கள். ஊசி மருந்து, டிரிப்பில் மருந்து சேர்ப்பது, அளவை மாற்றிக் கொடுப்பது ஆகியவற்றைக் கேட்கவே வேண்டாம். “மாத்திரையைக் கையில கொடுத்துட்டு வாங்களேன்” என்பதும் சின்ன விஷயமில்லை. கொடுப்பதற்கு முன் நாடித்துடிப்பைப் பார்க்க வேண்டிய மாத்திரைகள் உண்டு, விழுங்கியதைப் பார்த்த பிறகே எழுத வேண்டும் என்பதும் உண்டு. நான் எடுத்த மருந்தை நானே கொடுத்து நானே எழுதுவது என்ற பழக்கத்தை எந்த அவசரத்திலும் விடாதீர்கள்.

அவர் “எனக்குத் தெரியாது, செய்ய மாட்டேன்” என்றால்?

“தெரியாது” என்பவருக்கு நன்றி சொல்லுங்கள். தெரியாமல் செய்துவிட்டிருந்தால்தான் ஆபத்து. கூடவே வைத்துச் சொல்லிக்கொடுங்கள், அல்லது வேறு ஆளைப் பாருங்கள். “மாட்டேன்” என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் ஏற்கெனவே கை நிறைய வேலையோ, யாரோ முன்பு எல்லோர் முன்னிலும் திட்டிய காயமோ இருக்கும். தனியாக அழைத்துக் கேளுங்கள். காரணமே இல்லாமல் தொடர்ந்து மறுத்தால் அதைப் பொறுப்பாளரிடம் கொண்டுபோக வேண்டும். நோயாளியின் வேலையை அதுவரை நிறுத்திவைக்க முடியாது, அதற்கு ஆளைப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

நோயாளியுடன் இருக்கும் உறவினரிடம் வேலையை விடலாமா?

விரும்பினால், தலை வாரிவிடுவது, பேச்சுத்துணை, சோதித்துப் பார்த்த பிறகு ஊட்டுவது போன்றவற்றில் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டுக்குப் போன பிறகு அவர்தானே பார்க்கப்போகிறார். ஆனால் அது அவருக்கான பயிற்சி. ஆள் இல்லையென்பதற்காகக் கண்காணிப்பை அவரிடம் விடக் கூடாது. அப்பா தூங்குகிறாரா, மயங்கிக் கிடக்கிறாரா என்று பிரித்துப் பார்க்க வேண்டிய சுமையை மகளிடம் வைப்பது நியாயமில்லை.

நான் உதவியாளர். நர்ஸ் அவசரத்தில் பாதி சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். நான் என்ன கேட்கலாம்?

நிற்கவைத்துக் கேளுங்கள், உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. “எத்தனை மணிக்கு ஒரு தடவை சிஸ்டர்? எங்கே எழுதணும்? எவ்வளவு வந்தா உங்களைக் கூப்பிடணும்? நீங்க இல்லன்னா யாரைக் கூப்பிடணும்?” இந்த நாலையும் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இதற்கு முன் செய்ததில்லையென்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். கூப்பிட்டும் அவர் வரவில்லை, நோயாளி சரியாக இல்லை என்று உங்களுக்குத் தோன்றினால் அடுத்த நர்ஸிடம் போங்கள், யாரும் இல்லையென்றால் அவசர மணியை அடியுங்கள்.